செயலி உருவாக்க முறையியல்களில் மூன்றாம் தரப்பு: இங்கிலாந்தின் தொற்றுத் தடமறிதல் செயலியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருள் உருவாக்க முறையியல்கள் பெரும்பாலும் உருவாக்குநர், வாடிக்கையாளர் என்னும் இரு தரப்பினரை மட்டுமே மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. திறன்பேசிச் செயலிகளைப் பொறுத்தவரை, இவ்விருவருக்கும் கட்டுப்படாத இயங்குதள உரிமையாளர் என்னும் மூன்றாம் தரப்பு, எது இயலும், எது இயலாது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் உள்ளது. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுப் பணித்துறைக்காக உருவாக்கப்பட்ட கொரோனா தொற்றுத் தடமறிதல் செயலியின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, அருவி முறை, அஜைல் முறை, மொபைல்-டி முறை ஆகியன இம்மூன்றாம் தரப்பை எவ்வாறு காணத் தவறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செயலி உருவாக்கம், முறையியல், அருவி முறை, அஜைல், மொபைல்-டி, இயங்குதளம், தொற்றுத் தடமறிதல்.

முன்னுரை

மென்பொருளை எவ்வாறு உருவாக்குவது என்ற வினாவிற்கு விடைகூறும் நூல்களில் ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. முதலில் அருவி முறை இருந்தது. அது இறுக்கமானது, ஆவணச் சுமை மிக்கது. பின்னர் அஜைல் முறை வந்தது. அது நெகிழ்வானது, மாற்றத்தை வரவேற்பது. செயலிகளின் உலகம் விரைந்து மாறுவதால் அதற்கு அஜைல் முறையே ஏற்றது. இக்கதை கேட்பதற்கு எளியது. ஆயினும் அதன் ஒவ்வொரு படியும் ஐயத்திற்குரியது.

இங்குக் கலைச்சொல் பற்றி ஒன்று கூறவேண்டும். தமிழில் 'செயலி' என்னும் சொல் கணினியின் மையச் செயற்பகுதியையும் குறிக்கிறது. திறன்பேசியில் நிறுவப்படும் மென்பொருளையும் குறிக்கிறது. இக்கட்டுரையில் இரண்டாவது பொருளே கொள்ளப்படுகிறது. 'அஜைல்' என்பதற்குச் 'சுறுசுறுப்பு முறை' என்று எழுதுவோர் உளர். அம்மொழிபெயர்ப்பு விரைவை முன்னிறுத்தித் தகவமைதலைப் பின்தள்ளிவிடுவதால் இங்கு ஒலிபெயர்ப்பே கையாளப்படுகிறது. முறையியலைப் பற்றிய தவறான புரிதல்கள் பல இத்தகைய பெயரிடலிலிருந்தே பிறக்கின்றன என்பதற்கு அருவி முறையே தக்க சான்றாகும்.

ராய்ஸ் கட்டுரையும் அதன் தவறான வாசிப்பும்

வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் வெஸ்கான் மாநாட்டில் பெருமென்பொருள்களின் உருவாக்கத்தை மேலாண்மை செய்வது பற்றி ஒரு கட்டுரை வழங்கினார். அருவி முறையின் தோற்றுவாயாகப் பாடநூல்கள் இதனையே காட்டுகின்றன. ஆனால் அக்கட்டுரையில் 'அருவி' என்னும் சொல்லே இல்லை. தேவைகளை வரையறுத்தல், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, இயக்கம் எனப் படிப்படியாக இறங்கும் ஒரு வரைபடம் அதில் உண்டு. அவ்வரைபடத்தைத் தந்த உடனேயே, அதனை அப்படியே செயற்படுத்துவது இடர்மிக்கது, தோல்வியை வரவழைக்கக்கூடியது என்ற கருத்தை ராய்ஸ் பதிவுசெய்கிறார். சோதனை இறுதியில் நிகழ்வதால், அங்குக் கண்டறியப்படும் குறை வடிவமைப்பையே குலைத்துவிடும் என்பது அவர் காட்டும் காரணம்.

கட்டுரையின் எஞ்சிய பகுதி அவ்விடரைக் குறைக்கும் ஐந்து வழிகளைக் கூறுகிறது. நிரல் வடிவமைப்பை முன்னதாகவே செய்தல், வடிவமைப்பை ஆவணப்படுத்தல், ஒன்றை இருமுறை உருவாக்குதல், சோதனையைத் திட்டமிட்டுக் கண்காணித்தல், வாடிக்கையாளரை ஈடுபடுத்தல் என்பன அவை. இவற்றுள் 'இருமுறை உருவாக்குதல்' கூர்ந்து நோக்கத்தக்கது. முன் அனுபவம் இல்லாத ஒரு மென்பொருளைச் செய்யும்போது, சிறிய அளவில் முன்னோட்டமாக ஒன்றைச் செய்து பார்த்து, சிக்கலான இடங்களை அறிந்த பின்னரே உண்மையான ஆக்கத்தில் இறங்கவேண்டும் என்பது அதன் சாரம். இடர் எங்கே உள்ளதோ அங்கே முதலில் கைவைக்க வேண்டும் என்னும் இக்கொள்கையை, எந்த முறைக்கு எதிரானதாகப் பின்னாளில் பேசப்பட்டதோ அந்த முறையின் தந்தையாகவே ராய்ஸ் அறியப்படுவது ஒரு முரண். வரைபடம் நினைவில் நின்றது. அதைச் சுற்றியிருந்த எச்சரிக்கை மறக்கப்பட்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1985ஆம் ஆண்டுத் தரநிலை இத்தகைய படிமுறை வாசிப்பை நிலைநிறுத்தியதில் பங்குகொண்டது.

இருவருக்கிடையேயான உறவு

2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் பதினேழு பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை நான்கு விழுமியங்களையும் பன்னிரண்டு கோட்பாடுகளையும் கொண்டது. நடைமுறைகளைவிட மனிதர்களையும், விரிவான ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளையும், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளருடன் இணைந்து செயற்படுவதையும், திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்திற்கு ஈடுகொடுப்பதையும் அது மேலாக மதிக்கிறது. முன்னவற்றுக்கும் மதிப்புண்டு, பின்னவற்றுக்கு மதிப்பு மிகுதி என்பதே அதன் நிலைப்பாடு. இந்த ஒப்பீட்டு நுட்பமும், ராய்ஸின் எச்சரிக்கையைப் போலவே, நடைமுறையில் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது.

அறிக்கையில் இரு பாத்திரங்களே உள்ளன: உருவாக்குவோர், வாடிக்கையாளர். இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அறிக்கைக்கு முன்னோடியான எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறை, கிறைஸ்லர் நிறுவனத்தின் ஊதியக் கணக்கு மென்பொருள் திட்டத்தில் உருப்பெற்றது. ஊதியம் வழங்குவதும் பெறுவதும் ஒரே நிறுவனத்திற்குள் நிகழ்பவை. மென்பொருள் ஓடும் கணினியும் அந்நிறுவனத்துடையது. தேவையைக் கூறத்தக்கவர் நிரலருடன் ஒரே அறையில் அமரக்கூடியவர். அங்கு எழும் ஐயங்கள் அனைத்தும் இருவர் பேசித் தீர்க்கக்கூடியவை. ஸ்க்ரம் முறையில் வாடிக்கையாளரின் குரல் 'புராடக்ட் ஓனர்' என்னும் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது; ஒரு மாதத்திற்கு மேற்படாத ஸ்பிரின்ட் ஒவ்வொன்றின் முடிவிலும் உருவானதைக் காட்டிக் கருத்துப் பெறப்படுகிறது. இங்கும் உறவு இருவருக்கிடையேதான். பேச்சால் தீராத, பேச்சுக்கே வராத ஒருவர் உண்டு என்பதற்கு இம்முறைகளில் இடமில்லை.

மொபைல்-டி: நெருங்கி வந்த முறை

செயலிகளுக்கெனவே வகுக்கப்பட்ட தொடக்ககால முறைகளுள் குறிப்பிடத்தக்கது மொபைல்-டி. பின்லாந்தின் வி.டி.டி. தொழில்நுட்ப ஆய்வு மையத்தில் பெக்கா ஆபிரகாம்சனும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் இதனை முன்வைத்தனர். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், கிரிஸ்டல், ரேஷனல் யூனிஃபைட் பிராசஸ் ஆகிய மூன்றிலிருந்தும் கூறுகளை எடுத்து, பத்துப் பேருக்குட்பட்ட சிறு குழு ஒரே இடத்தில் அமர்ந்து பத்து வாரங்களுக்குள் ஒரு செயலியை முடிக்கும் வகையில் இது அமைக்கப்பட்டது. ஆய்ந்தறிதல், தொடங்குதல், ஆக்குதல், நிலைப்படுத்தல், சோதித்துத் திருத்தல் என்பன இதன் ஐந்து கட்டங்கள்.

வாடிக்கையாளர் எப்போதும் உடனிருப்பார் என்ற எடுகோளைத் தளர்த்தியதும், மென்பொருளின் கட்டமைப்பு அறிவைத் திட்டத்திற்குத் திட்டம் கைமாற்ற வழிசெய்ததும் மொபைல்-டியின் தனிச்சிறப்புகள். ஆயினும் அது பிறந்த ஆண்டை நினைவிற்கொள்ள வேண்டும். 2004இல் ஐபோன் இல்லை. ஆண்ட்ராய்டு கைபேசி இல்லை. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையிலும் ஆண்ட்ராய்டு மார்க்கெட் அதே ஆண்டு அக்டோபரிலும்தான் திறக்கப்பட்டன. கைபேசி நிறுவனங்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அப்போதும் கட்டுப்பாடுகளை விதித்தன என்பது உண்மையே. எனினும் ஒரு செயலி பின்னணியில் எவ்வளவு நேரம் விழித்திருக்கலாம், எந்தத் தரவைத் தொடலாம், எப்போது மக்களைச் சென்றடையலாம் என்பன அனைத்தையும் இரண்டே நிறுவனங்கள் உலகம் முழுமைக்கும் தீர்மானிக்கும் நிலை அப்போது இல்லை. ஆகவே மொபைல்-டி கைபேசியின் சிறிய திரையையும் குறைந்த நினைவகத்தையும் தடைகளாகக் கண்டது. தடை விதிப்பவர் ஒருவரைக் காணவில்லை.

இன்றைய பாடத்திட்டங்களிலும் ஆய்வேடுகளிலும் செயலி உருவாக்க முறைக்குச் சான்றாக மொபைல்-டி காட்டப்படும்போது இவ்வரலாற்று எல்லை சுட்டப்படுவதில்லை. இது சிறு குறையன்று.

நலவாழ்வுத் துறைச் செயலியின் முதல் வடிவம்

2020இன் தொடக்கத்தில் கொரோனா தொற்று பரவியபோது, தொற்றுற்றவருக்கு அருகில் இருந்தோரைத் திறன்பேசிகளின் புளூடூத் வாயிலாகக் கண்டறியலாம் என்னும் எண்ணம் பல நாடுகளில் எழுந்தது. சிங்கப்பூர் மார்ச் 20 அன்று 'டிரேஸ்டுகெதர்' செயலியை வெளியிட்டது. இந்தியா ஏப்ரல் 2 அன்று 'ஆரோக்கிய சேது'வைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் நலவாழ்வுத் துறையின் எண்ணிமப் பிரிவான என்.எச்.எஸ்.எக்ஸ் இப்பணியை மேற்கொண்டது.

இங்கிலாந்தைத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. அரசுப் பணிகளில் அஜைல் முறையை விதியாகவே ஆக்கிய நாடுகளுள் அது முன்னிற்பது. 2011இல் தோற்றுவிக்கப்பட்ட அரசு எண்ணிமச் சேவை அமைப்பின் கையேடு, கண்டறிதல், ஆல்பா, பீட்டா, நேரடிப் பயன்பாடு என்னும் கட்டங்களில் சிறிது சிறிதாக உருவாக்கிச் சோதிக்குமாறு வலியுறுத்துகிறது. எனவே இச்செயலியின் தோல்வியைப் 'பழைய அருவி முறையைப் பின்பற்றியதன் விளைவு' என்று கூறி எளிதில் கடந்துவிட முடியாது.

முதல் வடிவத்தில், தொற்றுற்றவரின் தொடர்புத் தரவுகள் ஒரு மையக் கணினிக்கு அனுப்பப்பட்டு அங்கே பகுக்கப்பட்டன. நோய்ப்பரவலை ஆராயவும் தவறான எச்சரிக்கைகளைக் களையவும் இது உதவும் என்று கருதப்பட்டது. இதனிடையே ஏப்ரல் 10 அன்று ஆப்பிளும் கூகுளும் இணைந்து வேறொரு கட்டமைப்பை அறிவித்தன. அதில் பொருத்தம் பார்க்கும் பணி ஒவ்வொருவர் கைபேசியிலேயே நிகழும். மையத்தில் தொடர்பு வரலாறு சேராது. இக்கட்டமைப்பைப் பயன்படுத்தும் செயலிகளுக்கு மட்டுமே புளூடூத்தைப் பின்னணியில் தடையின்றிப் பயன்படுத்தும் சலுகை கிடைக்கும்.

தொழில்நுட்பச் சிக்கலின் வேர் இங்குதான் உள்ளது. ஐபோனில் ஒரு செயலி திரையில் இல்லாதபோது, மின்கலத்தையும் பயனரின் அந்தரங்கத்தையும் காக்கும் பொருட்டு, இயங்குதளம் அதனை உறங்கச் செய்கிறது. அந்நிலையில் அது வழக்கமான முறையில் புளூடூத் அறிவிப்பை வெளியிட இயலாது. தடமறிதல் செயலியோ பயனரின் சட்டைப் பையில், பூட்டிய கைபேசியில், யாரும் பாராத நேரத்தில்தான் வேலை செய்ய வேண்டும். செயலியின் முழு நோக்கமும் இயங்குதளம் மறுத்த ஒன்றையே சார்ந்திருந்தது.

மே 5 அன்று வைட் தீவில் முதலில் பணியாளர்களுக்கும், இரு நாள்களில் பொதுமக்களுக்கும் செயலி வழங்கப்பட்டது. நிரலும் பொதுவெளியில் வைக்கப்பட்டது. உறங்கும் செயலியை விழித்திருக்கச் செய்யும் உத்திகளும் முயலப்பட்டன. மே நடுவில் நாடு முழுவதும் வெளியாகும் என்ற அறிவிப்பு நிறைவேறவில்லை. ஜூன் 18 அன்று அரசு இவ்வடிவத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அன்று வெளியிடப்பட்ட தகவலின்படி, செயலி ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 75 விழுக்காட்டையும் ஐபோன்களில் 4 விழுக்காட்டை மட்டுமே இனங்கண்டது.

சோதனை கற்பித்ததும் வாசிப்பு கற்பித்திருக்கக் கூடியதும்

இந்நிகழ்வை அஜைல் முறையின் வெற்றியாகவும் படிக்கலாம். சிறு தீவில் சோதித்தார்கள், குறையைக் கண்டார்கள், நாடு முழுவதும் பரப்புமுன் நிறுத்தினார்கள். முறை தன் வேலையைச் செய்தது என்பர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. சோதனையின்றி நேரே வெளியிட்டிருந்தால் இழப்பு பன்மடங்காகியிருக்கும்.

எனினும் சோதனை கண்டறிந்தது புதிய உண்மையன்று. பின்னணிச் செயலிகளுக்கான புளூடூத் கட்டுப்பாடு ஆப்பிளின் உருவாக்குநர் ஆவணங்களில் முன்னரே எழுதப்பட்டிருந்தது. அதன் நடைமுறை விளைவைச் சிங்கப்பூர்ச் செயலி மார்ச் மாதமே காட்டிவிட்டது. ஐபோன் பயனர்கள் செயலியைத் திரையில் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனி மைய முறையை ஏப்ரல் இறுதியிலேயே கைவிட்டு, ஆப்பிள்–கூகுள் கட்டமைப்பின்மேல் தன் செயலியை எழுதி, இங்கிலாந்து பின்வாங்குவதற்கு இரு நாள்கள் முன்பு, ஜூன் 16 அன்று வெளியிட்டுவிட்டது. இரு நாடுகளும் ஒரே கதவின் முன் நின்றன. ஒன்று கதவில் எழுதியிருந்ததைப் படித்துத் திரும்பியது. மற்றொன்று கதவை முட்டிப் பார்த்த பின் திரும்பியது.

'இயங்கும் மென்பொருளே முன்னேற்றத்தின் அளவுகோல்' என்னும் கோட்பாட்டின் வரம்பு இங்கு வெளிப்படுகிறது. அக்கோட்பாடு எதிர்த்தது, குழு தானே எழுதிக் குவித்து யாரும் படிக்காத ஆவணங்களை. பிறர் எழுதிய, மாற்ற முடியாத விதிகளைக் கூறும் ஆவணங்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. எழுதும் ஆவணத்திற்கும் படிக்கும் ஆவணத்திற்கும் உள்ள வேறுபாட்டை அஜைல் இலக்கியம் போதிய அளவு பேசவில்லை என்பது இதன்மீது வைக்கத்தக்க வலுவான குற்றச்சாட்டு. உருவாக்கிப் பார்த்து அறிய வேண்டியவை உண்டு: இரு கைபேசிகளுக்கு இடையிலான தொலைவைப் புளூடூத் வலிமையைக் கொண்டு எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடலாம் என்பது அத்தகையது. முதற்செயலி இதனைச் சிறப்பாகவே ஆராய்ந்தது. ஆப்பிள்–கூகுள் கட்டமைப்பின் தொலைவுக் கணிப்புப் போதாது என்னும் அதன் முறைப்பாடு அடிப்படையற்றதன்று. ஆனால் படித்தே அறியக்கூடியவற்றை உருவாக்கிப் பார்த்து அறிவது, பெருந்தொற்றுக் காலத்தில் வாரக்கணக்கில் விலை கேட்கும்.

ராய்ஸின் 'இருமுறை உருவாக்குதல்' இவ்விடத்தில் மீண்டும் பொருள் பெறுகிறது. அவர் கூறிய முன்னோட்டம் முழு மென்பொருளின் சிறுவடிவம் மட்டுமன்று. எங்கே உடையும் என்று ஐயப்படுகிறோமோ அந்த இடத்தைத் தேடிச் சோதிப்பது. பூட்டிய இரண்டு ஐபோன்களை ஒரே மேசைமேல் ஓரிரவு வைத்துப் பார்த்தல் அத்தகைய முன்னோட்டமாக அமைந்திருக்கும். ஒரு தீவின் மக்கள் அதற்குத் தேவையில்லை.

பொறுப்பு முழுவதையும் முறையியலின்மேல் ஏற்றுவதும் தகாது. மைய முறையைத் தேர்ந்தது அரசியல், நோய்ப்பரவலியல் முடிவு; நிரலர் குழுவின் முடிவன்று. ஒரு நாட்டின் பொதுநல வாழ்வுக் கொள்கையை இரு தனியார் நிறுவனங்களின் விதிகள் தீர்மானிக்கலாமா என்ற அரசின் வினாவும் நேர்மையானதே. இங்குச் சுட்டப்படுவது, அவ்வினாவை எழுப்பும் இடம் எந்த முறையியலிலும் இல்லை என்பதே. மூன்றாம் தரப்பு விதியை மாற்றும் என்று நம்புவதா, மாற்றாது என்று கொண்டு வடிவமைப்பதா என்பது வடிவமைப்பின் முதல் முடிவாக இருக்க வேண்டியது. ஸ்பிரின்ட் பட்டியலில் அது ஒரு பணியாக ஒருபோதும் இடம்பெறாது. ஏனெனில் குழு முடித்துக் காட்டத்தக்க பணியன்று அது.

வெளியீடு என்னும் சொல்லின் மாற்றம்

அடிக்கடி வெளியிடுதல் என்னும் அஜைல் கோட்பாடும் செயலிகளில் பொருள் மாறுகிறது. இணையதளத்தில் ஒரு பிழை கண்டால் சில நிமிடங்களில் திருத்திவிடலாம். அடுத்து வரும் பயனர் திருத்திய வடிவத்தையே காண்பார். செயலியோ பயனரின் கைபேசிக்குள் சென்றுவிட்ட பொருள். திரும்பப் பெற இயலாதது. திருத்திய வடிவம் ஆப் ஸ்டோரின் மதிப்பாய்வைக் கடக்க வேண்டும். பயனர் அதனை நிறுவ வேண்டும். ஏழு நாள்களில் படிப்படியாகப் பரப்பும் வசதியை ஆப்பிள் 2017இல் தந்தது. அதுவும் பரவலை நிறுத்த உதவுமேயன்றிச் சென்றதை மீட்காது. எனவே ஒரு செயலியின் பல வடிவங்கள் ஒரே நேரத்தில் மக்களிடையே உயிருடன் இருக்கும். இவை அனைத்தோடும் ஒத்துப்போகுமாறு சேவைக் கணினியை நடத்துவது, அருவி முறைக்காரர் அஞ்சிய 'பராமரிப்பு' என்னும் கட்டத்தை நாள்தோறும் நிகழ்வதாக ஆக்கிவிடுகிறது.

இரண்டாம் வடிவம் ஆகஸ்ட் 13 முதல் வைட் தீவிலும் லண்டனின் நியூஹாம் பகுதியிலும் சோதிக்கப்பட்டு, செப்டம்பர் 24 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெளியிடப்பட்டது. ஆப்பிள்–கூகுள் கட்டமைப்பை ஏற்றதால் ஐபோன் சிக்கல் தீர்ந்தது. அதற்கு ஈடாக ஐ.ஓ.எஸ் 13.5க்கு முந்தைய இயங்குதளம் உள்ள கைபேசிகள் விலக்கப்பட்டன. ஐபோன் 6 வைத்திருந்தவர், அக்கைபேசி நன்றாக இயங்கியபோதும், அப்போது இச்செயலியை நிறுவ இயலவில்லை. யார் பயனர் என்பதையும் மூன்றாம் தரப்பே வரையறுத்தது. இவ்விலக்கு இருந்தும், மக்கள்தொகையில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர், அதாவது 1.65 கோடிப் பேர், தொடர்ந்து பயன்படுத்தினர் என்றும், 2020 இறுதிவரை பல இலட்சம் தொற்றுகள் தவிர்க்கப்பட்டன என்றும் 2021இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தாமதத்தின் விலை எவ்வளவு என்பதை இம்மதிப்பீட்டிலிருந்தே உய்த்துணரலாம்.

2021 ஏப்ரலில் ஊரடங்குத் தளர்வை ஒட்டி, தொற்றுற்ற பயனர் தாம் சென்ற உணவகம் முதலிய இடங்களின் பதிவை விரும்பினால் அனுப்பும் வசதியுடன் ஒரு புதுப்பிப்பு அணியமாயிற்று. நிரல் முடிந்திருந்தது, வாடிக்கையாளரான அரசு அதனை விரும்பியது, ஸ்க்ரம் வழக்கில் அது 'முடிந்த' பணி. இருப்பிடத் தரவைத் திரட்டலாகாது என்னும் நிபந்தனை, அக்கட்டமைப்பைப் பயன்படுத்த ஒப்புக்கொண்ட நாளிலேயே எழுத்தில் இருந்தது. ஆப்பிளும் கூகுளும் புதுப்பிப்பை ஏற்கவில்லை. பழைய வடிவமே கடைகளில் நீடித்தது. இட வருகைப் பதிவுக்கெனத் தனியாக வேறொரு செயலியை அமைத்திருந்த ஸ்காட்லாந்திற்கு இச்சிக்கல் எழவில்லை.